வீட்டில் சுட்ட கரி மக்கர் செய்கிறதா? ஸ்மோக்கர் பற்றவைப்பவர்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

ஸ்மோக்கரில், அதாவது கரித் தணலின் சூட்டிலும் புகையிலும் மெல்ல வேகவைக்கும் மூடிபோட்ட அடுப்பில், மீனையோ கோழியையோ ஏற்றுவது சுலபம். அடியில் கிடக்கும் கரியைப் பிடிக்க வைப்பதில்தான் பொழுது போகிறது. கடையில் மூட்டையாக வாங்கும் சவுக்குக் கரியும் கருவேலக் கரியும் கெட்டியானவை. நின்று எரியும், ஆனால் லேசில் பற்றாது. மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த வாடை மீனில் ஏறிவிடும். சட்டென்று பிடிக்கிற லேசான கரியைக் கொஞ்சம் வீட்டிலேயே சுட்டு வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

முறை பலருக்கும் தெரிந்ததுதான். இருந்தாலும் கீழே சொல்வதெல்லாம் எந்த ஏற்பாட்டை வைத்து என்று சொல்லிவிடுகிறேன். அமுக்கு மூடி போட்ட ஐந்து லிட்டர் தகர டின் ஒன்று. மூடியில் ஆணியால் ஒரே ஒரு துளை, மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலம். உள்ளே கட்டைவிரல் பருமனுக்கு மேற்படாத காய்ந்த குச்சியோ, உடைத்த கொட்டாங்குச்சியோ நிறைய அடுக்கி மூட வேண்டும். டின்னை மூன்று செங்கல் மேல் வைத்து, அடியிலும் சுற்றிலும் விறகு எரிக்க வேண்டும். முதலில் துளை வழியே வெள்ளையாக ஆவி வரும். அடுத்து மஞ்சள் கலந்த புகை. அது தானே பற்றிக்கொண்டு துளைமேல் சுடராக நிற்கும். சுடர் சுருங்கி அணைந்து, புகையும் நின்றால் கரி தயார். டின்னை இறக்கி, துளையை ஈரக் களிமண்ணால் அடைத்து, மறுநாள் வரை தொடாமல் விட்டுவிட வேண்டும்.

இந்தக் கரி பற்றவைக்க மட்டும். நின்று எரிய மூட்டைக்கரி. இரண்டு வேலையையும் ஒரே கரியிடம் கேட்பதால்தான் பல கோளாறுகள் வருகின்றன. இனி உங்கள் டின்னிலோ ஸ்மோக்கரிலோ என்ன தெரிகிறதோ அதைத் தேடிப் படியுங்கள்.

வெள்ளைப் புகை நிற்கவே இல்லை, துளையில் சுடர் வரவில்லை

டின்னுக்குள் போட்ட குச்சி ஈரம். பச்சை மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீர் இருக்கும். நிழலில் பல மாதம் கிடந்து காய்ந்த மரத்திலும் 15 முதல் 20 சதவீதம் தங்கியிருக்கும். அந்தத் தண்ணீர் ஆவியாகிப் போகும்வரை குச்சியின் சூடு நூறு டிகிரியைத் தாண்டிப் பெரிதாக ஏறாது. வெளியே எவ்வளவு எரித்தாலும் அந்த வெப்பமெல்லாம் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே போய்விடும்.

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்க ஒரு வழி உண்டு. பழைய எவர்சில்வர் தட்டு ஒன்றை இடுக்கியில் பிடித்து, துளைக்கு ஒரு சாண் மேலே சில நொடி காட்டுங்கள். தெளிந்த நீர்த்துளி படிந்தால் மரம் இன்னும் காய்ந்துகொண்டிருக்கிறது. பழுப்பாகப் பிசுபிசுவென்று படிந்து புளித்த வாடை அடித்தால் தார் வரத் தொடங்கிவிட்டது, அதாவது மரம் கரியாக மாறுகிறது. முதல் வகை என்றால் பொறுத்திருந்து தீயைக் கூட்டுங்கள். ஒரு மணி நேரம் நன்றாக எரித்த பிறகும் நீர்த்துளிதான் என்றால் வெளியே எரிக்கும் விறகு வீண். இறக்கி வைத்துவிட்டு குச்சியை வெயிலில் போடுங்கள். பங்குனி, சித்திரை வெயிலில் மொட்டைமாடியில் பரப்பிய மெல்லிய குச்சி சீக்கிரமே காய்ந்துவிடும். ஐப்பசி அடைமழையில் இந்த வேலைக்கே இறங்க வேண்டாம் என்பது என் கட்சி.

காய்ந்ததா என்று பார்க்க இரண்டு குச்சியைத் தட்டுங்கள். ‘டக்’கென்று கேட்டால் சரி, ‘தொப்’பென்று கேட்டால் இல்லை. வெட்டிய முனையில் நடுவிலிருந்து கதிர் கதிராக வெடிப்பு ஓடியிருப்பதும் நல்ல அடையாளம்.

தட்டில் தார் படிகிறது, ஆனாலும் சுடர் இல்லை என்றால் பெரும்பாலும் காற்று அணைத்திருக்கும். எரியும் குச்சி ஒன்றை நீட்டிக் காட்டினால் பிடித்துக்கொள்ளும். மூடியின் விளிம்பைச் சுற்றிச் சின்னச் சின்னச் சுடர்கள் தெரிந்தாலும் பயமில்லை, வாயு அந்த வழியாகவும் கசிகிறது, அவ்வளவுதான்.

மூடி தெறித்தது, அல்லது டின் உப்பியது

துளை போடவில்லை, அல்லது போட்ட துளையைத் தார் அடைத்துக்கொண்டது. மூடி தீயைவிட்டுத் தள்ளிக் குளிர்ந்திருந்தால் தார் அங்கேதான் உறையும். டின்னைத் தலைகீழாக, மூடியும் துளையும் அடியில் தீயைப் பார்க்கும்படி வைத்தால் இந்தத் தொல்லை குறையும். வெளியேறும் வாயுவும் அடியிலேயே எரிந்து விறகை மிச்சம் பிடிக்கும்.

மூடியைக் கம்பியால் கட்டுவது, மேலே கல்லை ஏற்றுவது, வெல்டிங் வைத்து ஒட்டுவது எதுவும் கூடாது. அழுத்தம் மிஞ்சும்போது மூடி கழன்றுகொள்வதுதான் உங்களுக்குக் காவல். திருகு மூடி போட்ட கனத்த இரும்புக் குழாயில் செய்து பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு ஒரே பதில்: வேண்டாம். அது வெடிகுண்டு.

கரியை உடைத்தால் நடுவில் பழுப்பு, அல்லது மரமாகவே இருக்கிறது

இதுதான் அதிகம் வரும் கோளாறு. வெளியே கறுப்பு, உள்ளே கொள்ளிக்கட்டை. இதைக் கவனிக்காமல் ஸ்மோக்கரில் போட்டால் மீன் கசக்கும் என்பதால் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

மரம் சுமார் 280 டிகிரி செல்சியஸில் தானாகவே சிதையத் தொடங்கும். அதுவரை நாம் சூடு கொடுத்தாக வேண்டும், அதற்குமேல் மரமே கொஞ்சம் சூட்டை வெளிவிடும். எந்தச் சூட்டில் சுட்டோம் என்பதுதான் கரியின் குணத்தைத் தீர்மானிக்கிறது. 300 டிகிரியில் நிறுத்தினால் கரியில் ஏறத்தாழ 30 சதவீதம் இன்னும் புகையாகப் போகக்கூடிய பொருள்தான். 500 டிகிரிக்குக் கொண்டுபோனால் அது 13 சதவீத அளவுக்கு இறங்கும். 700 டிகிரியில் ஏழு சதவீதம்தான் மிஞ்சும். அந்தப் புகைப்பொருள் இருப்பதால்தான் குறைவாகச் சுட்ட கரி சட்டென்று பற்றுகிறது. அதே காரணத்தால்தான் புகைகிறது, கசக்கிறது. நமக்கு வேண்டியது நடுவழி: உள்ளே பழுப்பே இல்லாமல் முழுக்கக் கறுத்திருக்க வேண்டும், அதே சமயம் கல்லாக இறுகியிருக்கவும் கூடாது.

பழுப்பு மிஞ்சுவதற்குக் காரணம் பெரும்பாலும் பருமன். மரம் வெப்பத்தை மெதுவாகத்தான் உள்ளே கடத்தும். மணிக்கட்டுப் பருமனில் ஒரு கட்டையும் விரல் பருமனில் பத்துக் குச்சியும் ஒரே டின்னில் கிடந்தால், குச்சி முடிந்து சுடர் அணையும்போது கட்டையின் நடு இன்னும் மரமாகவே இருக்கும். எல்லாம் ஒரே பருமனில் இருக்கட்டும், பெரியதைப் பிளந்து போடுங்கள். அடுத்த காரணம் அவசரம்: சுடர் அணைந்த உடனே இறக்குவது. அணைந்த பிறகும் பத்துப் பதினைந்து நிமிடம் தீயில் விடுங்கள். தீ ஒரு பக்கமாகவே எரிந்திருந்தாலும் இப்படி ஆகும். அடியில் இருப்பது கரியாகி, மேலே இருப்பது அரைகுறையாக இருந்தால் டின்னைச் சுற்றி விறகு உயரமாக எழும்பவில்லை என்று பொருள்.

சோதிப்பது சுலபம். எங்கள் தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் கரியைக் கையில் எடுத்ததுமே இரண்டு துண்டை மோதிப் பார்ப்பார். “கிண்ணுன்னு கேக்கலேன்னா அது வெறகு சார், கரி இல்ல” என்பார். மோதல் சத்தம் ஒன்று. முறித்துப் பார்ப்பது இன்னொன்று: நல்ல கரி வளையாமல் பட்டென்று முறியும், முறிந்த முகம் மினுங்கும், மரத்தின் ஆண்டு வளையங்களும் நுண்துளைகளும் அப்படியே தெரியும். அரைகுறைக் கரி நார் நாராகப் பிரியும், முறிந்த முகம் மங்கலாக இருக்கும். முகர்ந்தால் புகையடித்த சமையல்கட்டு வாடை வரும். முழுதாகச் சுட்ட கரியில் வாடையே இருக்காது.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்கள் ஒரு வேடிக்கை செய்து பார்க்கலாம். அரைகுறைக் கரித் துண்டின் இரு முனையிலும் முள்ளை வைத்தால் மின்சாரம் போகாது. 600, 700 டிகிரியைத் தாண்டிச் சுட்டதில் மின்தடை சட்டென்று விழுந்துவிடும். உங்கள் கரி மின்சாரத்தை நன்றாகக் கடத்தினால், பற்றவைக்கும் வேலைக்கு அது அதிகமாகவே வெந்துவிட்டது.

பழுப்புத் துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். அடுத்த டின்னில் அடியில் போட்டு மறுபடி சுடலாம், அல்லது டின்னுக்கு வெளியே எரிக்கும் விறகோடு சேர்க்கலாம். ஸ்மோக்கருக்குள் மட்டும் போகக் கூடாது.

திறந்தால் சாம்பல்தான் இருக்கிறது

காற்று புகுந்திருக்கிறது. துளை பெரிதாக இருந்தால், அல்லது நாலைந்து துளை போட்டிருந்தால் இப்படி ஆகும். சுடர் எரியும்வரை வாயு வெளியே தள்ளிக்கொண்டிருப்பதால் காற்று உள்ளே வராது. ஆபத்து அதற்குப் பிறகுதான். டின் ஆறும்போது உள்ளே இருக்கும் வாயு சுருங்கி வெளிக்காற்றை உறிஞ்சும். ஆகவே இறக்கிய உடனே, ஆறுவதற்கு முன்பே துளையை அடைக்க வேண்டும். களிமண் இல்லையென்றால் டின்னை மணலில் கவிழ்த்து, விளிம்பைச் சுற்றி ஈர மணலை அணையுங்கள்.

பழைய டின்னாக இருந்தால் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். தகரம் சில தடவை தீயில் காய்ந்ததும் செதில் செதிலாக உதிர்ந்து ஊசித்துளை விழும், அதிலும் அடிப்பக்கத் தையலில்தான் முதலில் விழும். ஒட்டுப்போட்டு மல்லுக்கட்டாமல் வேறு டின் பாருங்கள்.

டின்னில் பாதி நிறையக் கரியும் மேலே கொஞ்சம் சாம்பலும் இருந்தால் அது கோளாறு இல்லை. எடையில் நாலில் ஒரு பங்கு கரி கிடைத்தாலே வீட்டு முறைக்கு நல்ல விளைச்சல்தான். ஒரு கிலோ காய்ந்த குச்சிக்கு 200 முதல் 250 கிராம்.

ஆறிவிட்டது என்று கொட்டினேன், மறுபடி கனிகிறது

இதை அலட்சியமாக விடாதீர்கள். கரி வெப்பத்தை விடாமல் பிடித்துவைக்கும். டின்னின் வெளிப்பக்கம் கைக்குச் சில்லென்று இருந்தாலும் நடுவில் கங்கு தூங்கும். காற்று பட்டதும் விழித்துக்கொள்ளும். இது ஒன்று. இன்னொன்று, புதுக்கரி முதன்முதலாகக் காற்றைத் தொடும்போது ஆக்சிஜனை ஈர்த்துத் தானாகவே சூடாகும். கப்பலில் ஏற்றும் சரக்குகளில் மரக்கரியைத் தானே தீப்பிடிக்கும் பொருள் என்ற வகுப்பில் வைத்திருப்பது இதனால்தான்.

மறுநாள் திறங்கள். திறந்ததும் கூரை, வைக்கோல், துணி எதுவும் பக்கத்தில் இல்லாத திறந்தவெளியில், மண்மேல் மெல்லியதாகப் பரப்பி 24 மணி நேரம் விடுங்கள். அதற்குப் பிறகுதான் மூட்டையோ டப்பாவோ. கனிந்துகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டால் மறுபடி டின்னில் போட்டு மூடுவதே நல்லது. தண்ணீர் தெளித்தால் அணையும், ஆனால் ஆவி முகத்தில் அடிக்கும், கரியும் ஈரமாகும். நனைந்த கரியை நல்ல வெயிலில் சில நாள் காயவைக்காமல் பயன்படுத்த முடியாது.

பக்கத்தில் நின்றவருக்குத் தலைவலி, மயக்கம்

உடனே அவரைத் திறந்த காற்றுக்குக் கூட்டிப்போங்கள். தெளியவில்லை என்றால் மருத்துவமனைக்கு. கரி சுடும்போதும் எரியும்போதும் கார்பன் மோனாக்சைடு வரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மலைவாச ஊர்களில் குளிருக்காகக் கரியடுப்பை அறைக்குள் வைத்துத் தூங்கியவர்கள் காலையில் எழாமல் போன செய்தி அவ்வப்போது வருகிறது. கரி சுடுவது, சிம்னியில் (கரி பற்றவைக்கும் தகர உருளை) பற்றவைப்பது, ஸ்மோக்கர் எரிப்பது மூன்றுமே வெளியில்தான். மழைக்காகக் கார் ஷெட்டுக்குள்ளோ பால்கனிக்குள்ளோ நகர்த்துவதும் கூடாது.

கரி தொட்டாலே பொடிகிறது

விறகு மிக மென்மையானதாக இருக்கலாம், அல்லது ஈர விறகை ஒரேயடியாக எரித்திருக்கலாம். உள்ளே இருக்கும் தண்ணீர் வேகமாக ஆவியாகும்போது மரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியேறும். முதல் அரை மணி நேரம் தீயை அடக்கமாக வைத்துப் பிறகு கூட்டுங்கள். மரப்பட்டையும் பொடிந்துதான் போகும், அதில் சாம்பலும் அதிகம். உரித்துவிட்டுப் போடுங்கள். மிஞ்சும் பொடியைச் சலித்துச் செடிக்குப் போடலாம். சிம்னியில் போட்டால் காற்றுப் போகும் வழியை அடைத்துவிடும்.

கறுப்பு, கெட்டி, சத்தம் எல்லாம் சரி, ஆனால் பற்றவில்லை

உங்கள் கரி நல்ல கரி. வேலைதான் தவறு.

ஜப்பானில் பின்சோட்டான் என்று ஒரு கரி உண்டு. வாகயாமா பக்கத்தில் ஒருவகைக் கருவாலி மரத்தில் செய்வது. கடைசிக் கட்டத்தில் சூட்டை ஆயிரம் டிகிரி வரை ஏற்றிச் சுடுவார்கள். தட்டினால் உலோகம்போல் ஒலிக்கும், பல மணி நேரம் புகையின்றிக் கனியும். அதைப் பற்றவைப்பதோ பெரும்பாடு. அடர்த்தியும் அதிகச் சூடும் சேர்ந்தால் இதுதான் நடக்கும். அதற்கு நேர் எதிர்ப்பக்கம் பாருங்கள்: கரி சேர்த்துத் துப்பாக்கிக்குக் கருமருந்து செய்தவர்கள் ஐரோப்பாவில் வில்லோ, ஆல்டர் என்று மெது மரமாகத் தேடினார்கள். இங்கே துவரைமாரை, அதாவது துவரைச் செடியின் காய்ந்த தண்டைச் சுட்டார்கள். நொடியில் பற்ற வேண்டும் என்பதுதான் அவர்களுக்கு வேண்டியிருந்தது.

நமக்கும் அந்த வழிதான். துவரைமார், பருத்திமார், மூங்கில் பிளாச்சு, கல்யாண முருங்கைக் கிளை, காய்ந்த தென்னை மட்டையின் தண்டு, இவையெல்லாம் லேசான கரி தரும், தீக்குச்சி கண்டதும் பிடிக்கும். (பருத்திக்கு மருந்து அதிகம் அடிப்பார்கள் என்பதால் பருத்திமாரை ஒரு மழை பார்த்த பிறகு எடுப்பது எனக்குப் பிடித்த வழி.) மூங்கிலைக் கணு கணுவாகப் பிளந்துதான் போட வேண்டும். பிளக்காத கணுவுக்குள் அடைபட்ட காற்று தீயில் வெடிக்கும்.

கொட்டாங்குச்சி நடுவில் நிற்கிறது. மெல்லியது என்பதால் சீராக வேகும், ஆனால் கரி அடர்த்தியானது. முதல் பிடிப்புக்குச் சற்று முரண்டு பண்ணும், பிடித்த பிறகு நல்ல தணல். சுடுவதற்கு முன் நாரையும் உள்ளே ஒட்டிய தேங்காய்ச் சில்லையும் சுரண்டி எடுங்கள். அந்த எண்ணெய்தான் காரமான புகைக்குக் காரணம்.

சீமைக்கருவேலம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் மூட்டம் போட்டு மூட்டை மூட்டையாகக் கரி எடுப்பது இதில்தான். அமெரிக்காவில் டெக்சஸ்காரர்கள் மெஸ்கிட் என்று கொண்டாடும் பார்பிக்யூ மரமும் இதன் நெருங்கிய சொந்தம். நின்று எரிய இதைவிட மலிவான நல்ல கரி இல்லை. பற்றவைக்க இது வேண்டாம். வீட்டில் இதைச் சுட்டே தீருவேன் என்றால் பென்சில் பருமனுக்குக் கிளை எடுங்கள். முள் குத்தினால் சீழ் வைக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

அரளியை எந்த வடிவிலும் சேர்க்காதீர்கள், அது நஞ்சு. பிளைவுட், பெயிண்ட் அடித்த பலகை, பூச்சிக்கு மருந்து ஏற்றிய மரம் இவையும் உணவுக்கு அடியில் போகக் கூடாது.

போன மாதம் பற்றியது, இப்போது பற்றவில்லை

கரி காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கடற்கரை ஊர்களிலும் மழைக்காலத்திலும் சாக்கில் கிடந்த கரி பத்து சதவீதம் வரைகூட ஈரம் ஏற்றிக்கொள்ளும். ஒரு பகல் வெயிலில் போடுங்கள், சரியாகிவிடும். அதன்பின் இறுக்கமாக மூடும் டப்பாவில் வையுங்கள். புதிதாகச் சுட்டதை உடனே டப்பாவில் அடைக்காதீர்கள் என்று மேலே சொன்னதை மறக்க வேண்டாம்.

வெடிக்கிறது, பொறி பறக்கிறது

ஈரம், பட்டை, உள்ளே மிஞ்சிய மரம். மூன்றில் ஒன்று. கொட்டாங்குச்சிக் கரி சற்று நனைந்திருந்தாலே படபடவென்று தெறிக்கும். சிம்னிக்கு மேல் குனிந்து ஊதாதீர்கள், விசிறியால் அடியில் வீசுங்கள். மண்தரையில் அள்ளிய கரியில் ஒட்டியிருக்கும் சின்னக் கற்களும் வெடிக்கும்.

சிம்னியில் அடியில் மட்டும் எரிகிறது, மேலே ஏறவில்லை

சிம்னி என்பது அடியில் துளையிட்ட தகர உருளை. உள்ளே கரி, அடியில் பழைய செய்தித்தாளோ காய்ந்த தென்னம்பாளையோ. காற்று கீழிருந்து மேலே ஓட வேண்டும். கொட்டாங்குச்சிக் கரித் துண்டுகள் தட்டையாக ஒன்றின்மேல் ஒன்று படிந்து அந்த ஓட்டத்தை அடைத்துவிடும். அடியில் குச்சிக் கரி, அதன்மேல் கொட்டாங்குச்சி, எல்லாவற்றுக்கும் மேல் நாலைந்து மூட்டைக்கரி என்று அடுக்கிப் பாருங்கள். குச்சிக் கரியைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்தால் இன்னும் நல்லது. சிம்னியைத் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள்.

மொட்டைமாடியில் செய்பவர்கள் தளத்தின் மேல் நேரடியாக வைக்காதீர்கள். சூட்டில் தளத்து ஓடு வெடிக்கும், பிறகு மழையில் வீடு ஒழுகும். மணல் பரப்பி, செங்கல் அடுக்கி அதன்மேல்தான்.

பெயிண்ட் வாடை, எண்ணெய் வாடை

டின்னின் வாடை. புது டின்னானாலும் உள்ளே பூச்சு இருக்கும், எண்ணெய் டின்னில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். வெறும் டின்னை முதலில் ஒரு முறை தீயில் நன்றாகக் காய்ச்சி எடுத்துவிட்டுத்தான் விறகு போட வேண்டும். கெமிக்கல், பூச்சிமருந்து வந்த டின் எதுவானாலும் ஒதுக்கிவிடுங்கள்.

வாளிக்கு அடிக்கிற துத்தநாகப் பூச்சுப் போட்ட தகரம் இந்த வேலைக்கு ஆகவே ஆகாது. துத்தநாகம் 420 டிகிரியிலேயே உருகிவிடும், இன்னும் சூடேறினால் வெள்ளைப் புகையாகக் கிளம்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் கண்டதுபோல் நடுக்கம் எடுக்கும். அலுமினியப் பாத்திரமும் வேண்டாம், 660 டிகிரியில் அடி கழன்று தீக்குள் விழும்.

ஸ்மோக்கரில் வெள்ளைப் புகை மண்டுகிறது, மீன் கசக்கிறது

முதலில் புகையின் நிறத்தைப் பாருங்கள். நல்ல புகை மெல்லியதாக, வெயிலில் லேசான நீலமாகத் தெரியும், சில நேரம் தெரியவே தெரியாது. வெள்ளையாகவோ சாம்பல் நிறமாகவோ கொத்துக் கொத்தாக வந்தால் ஏதோ ஒன்று எரியாமல் புகைகிறது. அந்தப் புகையில் இருக்கும் தார் குளிர்ந்த மீன்மேலும் மூடியின் உள்பக்கத்திலும் படியும். மூடியைத் திறந்தால் கருந்துளி சொட்டும், நாக்கில் வைத்தால் மரத்துப்போகும் கசப்பு.

பற்றவைத்த முதல் கால் மணி நேரத்தில் என்றால் அவசரப்பட்டு மீனை ஏற்றிவிட்டீர்கள். சிம்னியில் இருக்கும் கரி முழுக்க நீறு பூத்து, மேல் துண்டின் ஓரமும் சாம்பல் நிறமாகும்வரை காத்திருங்கள். சாதாரணமாக 15 முதல் 20 நிமிடம். வீட்டுக் கரியில் மிஞ்சியிருக்கும் புகைப்பொருள் எல்லாம் அந்த நேரத்தில் சிம்னியிலேயே எரிந்து போய்விடும்.

நன்றாகப் போய்க்கொண்டிருந்து, இரண்டு மணி நேரம் கழித்துத் திடீரென்று வெள்ளைப் புகை கிளம்பினால் காரணம் வேறு. பலரும் பற்றாத கரியை ஸ்மோக்கரில் குவித்து, அதன்மேல் கொஞ்சம் கனிந்த கரியைக் கொட்டி, தீ மெல்ல மெல்லப் பரவும்படி வைப்பார்கள். அமெரிக்க பார்பிக்யூக்காரர்கள் மினியன் முறை என்று சொல்வது இது. நீண்ட சமையலுக்கு அருமையான வழி. ஆனால் அந்தப் பற்றாத குவியலில் வீட்டுக் கரி கலந்திருந்தால், தீ அங்கே போய்ச் சேரும்போது அரைகுறைத் துண்டு ஒவ்வொன்றும் மீனுக்கு அடியிலேயே புகையத் தொடங்கும். வீட்டுக் கரி சிம்னிக்குள் மட்டும், குவியலில் மூட்டைக்கரி மட்டும். இதை ஒழுங்காகக் கடைப்பிடித்தாலே கசப்புப் புகார் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அதுவும் சரி என்றால் காற்றுவழியைப் பாருங்கள். சூட்டைக் குறைக்க மேல் துவாரத்தை மூடுவது பலர் செய்கிற காரியம். புகை உள்ளேயே தேங்கித் தார் படிய அதுவே போதும். மேலே எப்போதும் முழுக்கத் திறந்திருக்கட்டும், கூட்டுவதும் குறைப்பதும் கீழ்த் துவாரத்தில்தான். மணத்துக்காகப் போடும் மரத்துண்டைத் தண்ணீரில் ஊறவைப்பதும் வெள்ளைப் புகையைத்தான் கூட்டும். காய்ந்த துண்டாக, ஒன்றிரண்டு மட்டும் போடுங்கள். மீனையும் துடைத்து, மேல்தோல் சற்று உலர்ந்து பிசுபிசுக்கும் வரை காற்றாட வைத்துவிட்டு ஏற்றுங்கள். ஈரமான மீன்மேல் தார் இன்னும் வேகமாக ஒட்டும்.

கசந்துபோன மீனை மீட்க முடியுமா என்றால், தோலை உரித்துவிட்டால் பாதி தப்பும். புளிக்குழம்பில் போட்டு மறைக்கப் பார்ப்பவர்கள் உண்டு, குழம்பும் சேர்ந்து கசக்கும்.

சூடு சட்டென்று ஏறி, சட்டென்று இறங்குகிறது

லேசான கரியையே முழு எரிபொருளாகப் போட்டிருக்கிறீர்கள். துவரைமார்க் கரி ஒரு டின் நிறையப் போட்டாலும் கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும். மீனுக்கு 80, 90 டிகிரியிலும் கோழிக்கு 110, 120 டிகிரியிலும் மணிக்கணக்கில் சூடு நிற்க வேண்டும். சிம்னியில் ஒரு பங்கு வீட்டுக் கரி போட்டால், ஸ்மோக்கரில் நாலு பங்கு மூட்டைக்கரி இருக்கட்டும்.

மூட்டைக்கரி போட்டும் இறங்குகிறது என்றால், அடியில் சாம்பல் காற்றுவழியை அடைத்திருக்கும். நீளமான கம்பியால் கரி கிடக்கும் தட்டியை லேசாக ஆட்டிச் சாம்பலை உதிருங்கள். மூடியைத் திறக்காமல் கீழ்த் துவாரத்தின் வழியாகவே செய்ய வேண்டும், இல்லையென்றால் கிளம்பும் சாம்பல் மீன்மேல் படியும். இடையில் கரி சேர்க்க வேண்டி வந்தால் பற்றாத கரியை நேராகப் போடாதீர்கள். சிம்னியில் தனியாகப் பற்றவைத்து, நீறு பூத்த பிறகு இடுக்கியால் எடுத்து ஓரமாக வையுங்கள்.